கூரத்துப் பசுவுக்குப் போட்ட சினை ஊசி

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளனாக இருந்தேன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது வேலை. ஊர்களில் 'டாக்டரே' என்பார்கள், நானும் மறுத்ததில்லை. சைக்கிளில் தொங்கும் பிளாஸ்க்கைப் பார்த்து டீ கேட்டவர்களும் உண்டு. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இருந்தது காளையின் விந்து. யாருக்கும் ஊற்றிக் கொடுக்காமல் இருந்ததுதான் என் உத்தியோகச் சாதனை.

காளைப் பண்ணையிலிருந்து பஸ்ஸில்தான் அது வரும். அன்று சித்திரை வெயிலில் பஸ் டயர் வெடித்து நின்றுவிட்டது. பிளாஸ்க் கைக்கு வந்தபோது ஐஸெல்லாம் தண்ணீர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உலைபோல் கொதித்துச் சுழல வேண்டியவை, நின்ற இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்துக் கிராமமான கூரத்தில் ஒரு கூலிக்காரப் பெண்ணின் பசு பருவத்துக்கு வந்து காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. முன்பே ஊசி போட்டும் சினை நிற்காத பசு. இந்தத் தடவையும் சினை பிடிக்காவிட்டால் அடிமாட்டுக்குத் தள்ளிவிடுவதாகப் புருஷன் சொல்லியிருந்தான். பொழுது சாய்ந்தால் பருவம் போய்விடும். போய், உள்ளதைச் சொன்னேன்.

"உசுரு இருக்குதாபா அதுல?"

"இருக்குதுமா, என்னை மாதிரி. சம்பளம் வாங்கும், வேலை செய்யாது."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஊர்க் காளையாவது இட்டாரட்டா?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருகினேன்.

"ஐயோ, அதுக்குக் காயடிச்சதே நீதானேபா! சர்க்கார் காளைதான் ஒசத்தின்னு சொல்லிக்கினு வந்து!"

உத்தரவுப்படி அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காளையையும் நான் விட்டுவைத்திருக்கவில்லை.

"இருக்கறதப் போடு," என்றாள். போட்டேன்.

மூன்று வாரம் கழித்தும் பசு கத்தவில்லை; சினை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவள் ஆஸ்பத்திரிக்கே வந்து, முந்தானையில் முடிந்திருந்த வேர்க்கடலையை என் மேசையில் கொட்டினாள். கைராசிக்காரன் என்று நானே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். நிஜ டாக்டர் மட்டும் கடலையை உரித்தபடியே, "நொந்துபோன விந்து பிடிச்சாலும் கரு தங்காதுய்யா, ஆடாதே," என்றார்.

சில வாரத்தில் ஒரு காலை அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பசு மறுபடி கத்துகிறது. கரு உள்ளேயே கரைந்துவிட்டிருந்தது. பிளாஸ்க் வந்ததும் வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

அன்று பார்த்து பஸ் நேரத்துக்கு வந்தது. ஐஸ் கரையவில்லை. மைக்ராஸ்கோப்பில் தேர்த்திருவிழாக் கூட்டம். மூச்சுப் பிடிக்க மிதித்துக்கொண்டு போனால், கொட்டகை காலி. அவள் திரும்பி வருவதற்குள் புருஷன் பசுவைச் சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அவள் சாணியை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நல்ல சரக்குமா," என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் நிமிரவில்லை. "வீணாக்காத. வேற யார் மாட்டுக்காவது போடுபா."

தெருக்கோடிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். எந்த மாடும் கத்தவில்லை.