ஜலாலின் கடைசித் தகடு

கோரிப்பாளையம் ஜலால் பாய் கேமராப் பெட்டியோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறார் என்றால், அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று பொருள். உயிரோடு இருப்பவரைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் அப்போது பயம். செத்த பிறகு குறைய என்ன இருக்கிறது? நாற்காலியில் சாத்தி, மாலை போட்டு, தலை சரியாமல் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஜலாலைக் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷம் இதே பிழைப்பு.

அதனாலோ என்னவோ, மனுஷருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சைக்கிளை மிதித்துத் திருவாதவூர்க் கண்மாய்க்கு வந்துவிடுவார். கூழைக்கடாக்கள் இறங்குவதையும், கருவேல மரத்தில் நாரைகள் இடத்துக்குச் சண்டை போடுவதையும் பொழுது சாயும்வரை பார்ப்பார். ஒன்றைக்கூடப் படம் பிடித்ததில்லை. படம் பதிகிற கண்ணாடித் தகடு சோற்றுக்கல்லவா?

நாற்பத்து மூன்றில் யுத்தம் அந்தப் பிழைப்புக்கும் வேட்டு வைத்தது. எங்கும் தகடு கிடைக்கவில்லை. கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. கடையைச் சாத்தும் முன் உயிருள்ள ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று ஜலாலுக்கு வெறி. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, கேமராப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கண்மாய்க்கு வந்தார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரம், கரையோடு ஒருவன் ஓடிவந்தான். முத்திருளன், அந்த ஊரில் உழுது பிழைக்கும் சம்சாரி.

“பாய், எம் மகளைப் போட்டோ புடிக்கணும்.”

“எப்ப?” என்றார் ஜலால். வேறு கேள்வி அவர் தொழிலில் கிடையாது.

“மத்தியானம். காய்ச்சல். நாலு வயசு. இருட்டுறதுக்குள்ள அடக்கம் பண்ண எடுத்துருவாக.”

“நீங்க முன்னால போங்க. பின்னாலயே வாரேன்.”

அவன் போனான். வெயில் தண்ணீரில் படுத்திருந்தது. நாரைக் கூட்டம் அப்படியே மரத்தில் வந்து இறங்கியது. ஜலால் கெட்டவர் இல்லை; ஆனால் ஆசைக்கு வெட்கம் ஏது? கேமராவின் மூடியைக் கழற்றினார். கை பழகிய கணக்கில் மூன்று எண்ணி மூடினார். அது பிணத்துக்கு எண்ணும் கணக்கு என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது வேறொன்று. பெற்றவளிடம் போய், உன் பிள்ளைக்கு வேண்டிய தகட்டை நாரைக்குக் கொடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

முத்திருளன் வீட்டில் அவன் மனைவி அன்னக்கொடி மகளுக்குப் பொட்டு வைத்து மடியில் சாத்திக்கொண்டிருந்தாள். “நான் அசையலாமா பாய்?” என்று கேட்டாள்.

“அசையாதீங்க தாயி.”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். தகடில்லாத பெட்டியின் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, ஜலால் மூடினார். அந்தப் பாவத்துக்கு எந்த மன்னிப்பும் கிடையாது என்று அவருக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, கண்மாயில் பிடித்த தகட்டை மருந்தில் கழுவினார். கண்மாய் இருந்தது, மரம் கிளை கிளையாக இருந்தது. மூன்று எண்ணி முடிக்கும்வரை எந்த நாரை சும்மா இருக்கும்? மரத்தின்மேல் புகை மாதிரி ஏதோ கலங்கியிருந்தது, அவ்வளவுதான். பிள்ளையும் இல்லை, பறவையும் இல்லை.

கடையைச் சாத்திய பிறகும் அன்னக்கொடி படம் கேட்டு வீடு தேடி வந்தாள். யுத்தம், மருந்து வரவில்லை, கழுவ முடியவில்லை என்றார் ஜலால். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயெடுத்தார்; ஒவ்வொரு தடவையும் முழுங்கினார். மாசி போயிற்று, சித்திரை போயிற்று.

ஆனியில் வந்தவள் முகத்தில் முன்பிருந்த தவிப்பு இல்லை.

“முன்னெல்லாம் கண்ணை மூடுனா அவ மூஞ்சி அப்படியே வரும் பாய். இப்ப கலங்கலா வருது. ராப்பகலா நினைச்சு நினைச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தேன், மறந்துறக் கூடாதுன்னு. இப்ப அதை விட்டுட்டேன். நமக்கு மறந்தா என்ன? அதான் நீங்க பத்திரமா புடிச்சு வச்சிருக்கீகளே.”

ஜலால் சொல்ல வேண்டியது ‘படம் இல்லை’ என்பது மட்டும்தான்; அதைச் சொல்ல ஆறு மாதம் பிந்திவிட்டது.

“அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க தாயி” என்றார்.