காருக்கு எடுத்த உரு

சங்கிலிமுத்துவுக்குக் கார் ஓட்டத் தெரியும். அதில் ஒரு பயல் குறை சொல்ல முடியாது. ஏழாயிரம்பண்ணை வண்டிப்பாதையில் எதிரே பாரவண்டி வந்தாலும் ஒரு சாண் இடைவெளியில் நுழைத்துக் கொண்டுபோய்விடுவான். ஆனால் எஞ்சின் மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால், "எல்லாம் இருக்கு" என்பான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாது என்ற சொல்லைக் காக்கிச் சட்டை போட்ட அன்றே விட்டுவிட்டான்.

கார் அவன் முதலாளி சுந்தரபாண்டியுடையது. மிளகாய் நன்றாக விளைந்த 1961இல், விருதுநகர் வியாபாரி ஒருவரிடம் மூன்றாம் கையாக வாங்கினார். மூன்று மாதமாக, ஸ்டார்ட் போட்டதும் கழுத்தை நெரித்த கோழி போல அது கீச்சென்று கத்தியது. அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். அதற்குள் பட்டாசு ஆபீஸுக்குப் போகிற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்புதான் சுந்தரபாண்டிக்குப் பொறுக்கவில்லை.

சங்கிலிமுத்துவின் அப்பா வண்டிக்காரர். சக்கரம் கத்தினால் எண்ணெய், கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலை உருளை கத்தினால் எண்ணெய் என்றே அவன் வளர்ந்தவன். ஆகவே மூடியைத் திறந்து, சுற்றுகிற சாமான் என்று தோன்றியதன் மேலெல்லாம் விளக்கெண்ணெய் விட்டான். மறுநாள் சத்தம் கூடியது. எண்ணெய் போதவில்லை என்று இன்னும் அரைப்படி விட்டான். ஊரே எழுந்துகொண்டது.

ஒருநாள் சுந்தரபாண்டி கூப்பிட்டார்.

"ஏலே, ஞாயித்துக்கிழமை இருக்கன்குடி கோயில்ல வச்சு நம்ம பொண்ணைப் பாக்க வாராக. மாப்பிள்ளையோட அப்பாவ நம்ம கார்லதான் சாத்தூர்ல கொண்டுபோய் விடணும். அவுக முன்னால இது கத்துச்சு, மறுநாள் நீ பழையபடி பட்டாசு மருந்து இடிக்கப் போயிரு."

மருந்து இடிக்கும் வேலையில்தான் சங்கிலிமுத்துவின் மச்சான் இரண்டு விரலைப் பறிகொடுத்தான்.

சுந்தரபாண்டியின் மனைவி சண்முகத்தாய்க்கு அந்தப் பேச்சைக் கேட்கப் பொறுக்கவில்லை. சத்தம் நிற்க வேண்டி இருக்கன்குடி மாரியம்மனுக்கு உரு எடுத்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள். கை வலித்தால் தகரத்தில் கை, கால் வலித்தால் கால். எது நோகிறதோ அதைத் தகட்டில் வாங்கி வைப்பதுதான் அங்கே வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கார் இருக்கன்குடி போய் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சுந்தரபாண்டி ஆற்றங்கரைப் பக்கம் வழி பார்க்கப் போனார். சண்முகத்தாய் மகளைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, சங்கிலிமுத்துவைக் கூட்டிக்கொண்டு உருக்கடை மாடத்தியிடம் வந்தாள்.

"யாருக்கும்மா?" என்றாள் மாடத்தி.

"காருக்கு."

மாடத்தி சிரிக்கவில்லை. மாடு, ஆடு, கோழி என்று எல்லாவற்றுக்கும் உரு விற்றவள் அவள். "எங்கன நோகுதாம்?"

சண்முகத்தாய் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் தகரங்களைப் பார்த்தான். "கத்துறதுன்னா... தொண்டைதானேம்மா" என்றான்.

"தொண்டை இருக்கட்டும். கத்துறப்ப எந்த இடம்னு பாத்தீகளா, இல்லையா? இடம் தெரியாம நான் எந்த உருவைக் குடுக்க?"

சங்கிலிமுத்து பார்த்ததே இல்லை. கத்தும்போதெல்லாம் அவன்தானே உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுத்துக்கொண்டிருக்கிறான்! வெளியே வந்து மூடியைத் திறப்பதற்குள் அது வாயை மூடிவிடும். வேறொருவரை அந்தக் குமிழைத் தொடவிட்டால் டிரைவர் என்ற கௌரவம் என்னாவது?

கௌரவமா, மருந்து இடிப்பதா என்று ஒரு கணம் யோசித்தான். அப்புறம், "அம்மா, நீங்க காருக்கு வந்து கொஞ்சம் முன்னால உக்காருங்க" என்றான்.

சண்முகத்தாய் ஜென்மத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தவளில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இழுத்து, குமிழைக் காட்டிவிட்டு, அவன் மூடியைத் திறந்து குனிந்தான். அவள் "தாயே மாரி" என்று குமிழை இழுத்தாள். கீச்!

டைனமோவைச் சுற்றும் ரப்பர் பெல்ட் உருளையில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு கத்தியது. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். தொளதொளவென்று உள்ளே போனது. விரலெல்லாம் விளக்கெண்ணெய். கமலைக் கயிறு தொய்ந்து வழுக்கினால் கயிற்றுக்கா எண்ணெய் விடுவார்கள்? தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது அவனுக்கு.

தோளில் கிடந்த புதுத்துண்டால் எண்ணெயைத் துடைத்தான். மிச்சப் பிசுக்குக்கு சண்முகத்தாயின் பூஜைத் தட்டிலிருந்த விபூதியை அள்ளித் தேய்த்துத் துடைத்தான். டைனமோ போல்ட்டை இளக்கி, கட்டையால் நெம்பி, பெல்ட் விறைப்பானதும் முடுக்கினான். சண்முகத்தாய் மறுபடி குமிழை இழுத்தாள். கார் சாதுவாக உறுமியது.

அவள் இறங்கிப் போய் இரண்டு தகரக் கண்களோடு வந்தாள்.

"காருக்கு ஏதும்மா கண்ணு? முன்லைட்டா?"

"காருக்கு இல்லலே, உனக்குத்தான். மூணு மாசமா எண்ணெய் ஊத்துனியே, ஒருநா பாத்தியா? போ, உன் கையாலயே அம்மன் முன்னால போட்டுட்டு வா."

தலையைக் குனிந்துகொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

பெண் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா ஜெயச்சந்திரன் காரில் ஏறினார். சுந்தரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே, என்னத்தப் பாக்க? ஸ்டார்ட் போடு" என்றார்.

"போட்டு அஞ்சு நிமிசமாச்சு மொதலாளி."

சுந்தரபாண்டி மூடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம டிரைவருக்குத் தெரியாத மிசினே கிடையாது" என்றார் சம்பந்தியிடம்.

"அப்படியா! எங்க ரைஸ்மில்லு மிசினும் காலையில இப்படித்தான் கத்துதுப்பா. என்ன கோளாறா இருக்கும்?"

எண்ணெய் என்ற சொல் சங்கிலிமுத்துவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெளியே ஜன்னலோரம் நின்ற சண்முகத்தாயைப் பார்த்தான். சொல்லை விழுங்கினான்.

"தெரியலைங்க. கத்துறப்ப பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்றேன்."