ராணி வேஷம் கேட்டவள்

நான் மூன்று மாதம் உழைத்து எழுதிய நாடகத்துக்கு அந்தப் பெண் ஒரே மூச்சில் முடிவுகட்டினாள்.

"நாள் முழுக்க யூனிபார்ம் மாட்டிக்கிட்டு லைன்ல நிக்குதோம். ஞாயித்துக்கிழமையும் அதையே போட்டுட்டு நிக்கணுமா மேடம்? எனக்கு ராணி வேசம் குடுங்க."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். நாடகப் பிரதிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள். சுங்குவார்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்கள் ஆறு பேரைச் சேர்த்து, அவர்கள் வாழ்க்கையையே மேடையேற்ற நினைத்தேன். ராணி வேஷம் கேட்டவள் தென்காசிக்காரி. ஆறு பேரில் அவளுக்குத்தான் குரல் இருந்தது.

"ஆமா மேடம், இத்த பாக்க எவ வருவா? வூட்லயே பொலம்பிக்கினுதான கீறோம்" என்றாள் இன்னொருத்தி, இருங்காட்டுக்கோட்டைக்காரி.

யதார்த்த நாடகம் என்றால் என்னவென்று அரை மணி நேரம் விளக்கினேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள். அடுத்த வார ஒத்திகைக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். வேறு வழியில்லாமல், எனக்கே பிடிக்காத ஓர் அரசவைக் கதையை எழுதிக் கொடுத்தேன். ஆறு பேரும் வந்துவிட்டார்கள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நாடகம். தொழிற்சாலை விடுதிப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ராணி மட்டும் உட்கார, அமைச்சரும் தளபதியும் தோழிகளும் நிற்க வேண்டும். யார் எங்கே என்று தரையில் சாக்பீஸால் குறித்திருந்தேன். அவளோ வசனத்தை விட்டுவிட்டு, நின்றிருந்த ஐந்து பேரையும் பார்த்தாள்.

"எல்லாரும் உக்காருங்க. இன்னைக்கு என் ராச்சியத்துல யாரும் நிக்கக் கூடாது."

கூடம் அதிர்ந்தது. விசில் பறந்தது. ஐந்து பேரும் தரையில் சப்பணமிட்டுச் சிரித்தார்கள். அதன்பின் தளபதி எழவேயில்லை. சண்டைக் காட்சியும் நடக்கவில்லை.

முடிந்ததும் அவள்மேல் பாய்ந்தேன். "எழுதாதத ஏன் சொன்ன? மொத்த சீனும் போச்சு."

"நீங்க எழுதுனதுல நான் மட்டுந்தான உக்காந்திருக்கேன். அவளுவ ஓவர்டைம் முடிச்சு நேரா வந்திருக்காளுவ மேடம்."

எனக்குக் கோபம் தணியவில்லை. மேடையில் அவள் சொன்ன அந்த இரண்டு வரியைச் சொல்லத்தான் முதல் நாடகத்தில் எழுபது பக்கம் எழுதியிருந்தேன்.

பிறகு ஓர் ஆய்விதழ் அந்த அரசவை நாடகத்தைக் கேட்டது. அவள் வரிகளைச் சேர்ப்பதென்றால் அவள் பெயரைப் போட வேண்டும். போனில் கேட்டேன்.

"எந்த வரி மேடம்?" என்றாள். விளக்கத் தொடங்கினேன். "கம்பெனி பஸ் வந்துட்டு, வச்சிருதேன்."

பிரதியை இன்னும் அனுப்பவில்லை.