பந்து எடுத்துக் கொடுத்தவள்

கல்லூரி அணியில் மூன்று வருடம் கூடைப்பந்து ஆடினேன். ஒரு ஆட்டத்தில்கூட நான் பத்துப் புள்ளி எடுத்ததில்லை. என் வேலை அதுவல்ல. மற்றவர்கள் எறிந்து தவறுகிற பந்து வளையத்தில் பட்டு எகிறும்போது, கீழே முட்டி மோதி நின்று, துள்ளி, அதைப் பிடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. ரீபவுண்டு என்று அதற்குப் பெயர். புள்ளிகளை எடுத்தவள் என் தோழி. கோட்டுக்கு வெளியே நிற்பாள், எறிவாள், வலை மட்டும் அசையும். கைத்தட்டல் அவளுக்குப் போகும். முழங்காலில் ரத்தம் எனக்கு வரும். கடைசி வருடம் அப்படித் துள்ளி இறங்கியபோது வலது முழங்காலில் ஏதோ அறுந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது.

இப்போது எனக்கு நாற்பத்தொன்று. செங்கல்பட்டில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தோழி புதுப்பட்டினம் பஜாரில் அவர்கள் குடும்பத்துப் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் இடுப்பில் தேய்மானம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் மதியம் போன் செய்தாள்.

"ஷூட்டிங்க மட்டும் தனியா ஒரு ஆட்டமா வெச்சா இன்னாடி?"

"தனியான்னா?"

"ஓட வேணாம். இடிக்க வேணாம். ஒவ்வொருத்தரா நின்னு எறியணும். எத்தினி வுழுதோ அத்தினி பாயிண்டு. வில்லு வுடறாங்க, துப்பாக்கி சுடறாங்க. அவங்கள யாராவது ஓடச் சொல்றாங்களா?"

"ரீபவுண்டு?"

"அது இன்னாத்துக்கு? தப்புனா தப்பு. அடுத்த பந்து."

அவள் உண்டாக்கப்போகும் ஆட்டத்தில் நான் செய்து வந்த வேலை இல்லை. அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. சரி என்றேன்.

இடம் அவளே பிடித்தாள். மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உள்ளே தள்ளி, பல வருடங்களாக மூடிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடம். அவளுடைய அண்ணனுக்கு உரிமையாளரைத் தெரியும். கட்டடத்துக்குப் பின்னால் சிமெண்ட் மைதானம், மூன்று பக்கமும் சவுக்குத் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் கடல். இரண்டு கம்பத்தில் ஒன்று துருப்பிடித்து விழுந்துவிட்டது. ஒரு வளையம்தான் மிச்சம். எங்கள் ஆட்டத்துக்கு ஒன்றே போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மூடிய பிறகு, இரண்டு மணிக்கு அங்கே போவோம். சாக்கட்டியால் ஐந்து இடங்களைக் குறித்தோம். வலது மூலை, வலது சாய்வு, நடு, இடது சாய்வு, இடது மூலை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து எறிதல், மொத்தம் இருபத்தைந்து. எறிபவர் நகரக் கூடாது. மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அமைதி வேண்டும் என்பதில் தோழி கண்டிப்பாக இருந்தாள். "இது கவனத்தோட ஆட்டம்டி. மூச்சு சத்தம்கூடக் கேக்கக் கூடாது" என்பாள்.

அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாதது. நான் ஆடிய ஆட்டத்தில் ஷூ தேயும், யாராவது கத்துவார்கள், விசில் அடிக்கும். இங்கே பந்து வலைக்குள் இறங்கும் சத்தம், அது தரையில் படும் சத்தம், அவ்வளவுதான். மதிய வெயிலில் சவுக்கு மரங்கள்கூட அசையாது.

இரண்டு மாதம் அப்படி ஆடினோம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் தொந்தரவே இல்லை. எறிந்த பந்து விழுந்து, இரண்டு தரம் குதித்து, உருண்டு நம்மிடமே வந்துவிடும். குனிந்து எடுத்தால் போதும். "தரை நல்லா வாட்டமாப் போட்டுக்கிறாங்க" என்று தோழி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். எதிரணிக் கல்லூரியில் எங்களுக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவள். திருக்கழுக்குன்றத்தில் கணவரோடு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். சில வருடங்களாகக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் புகை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும் என்றாள். பேருந்தில் தனியாகவே வருவாள். வந்ததும் கம்பத்தைத் தொட்டுப் பார்ப்பாள், அங்கிருந்து அடி எண்ணிப் போய் நிற்பாள், எறிவாள். முதல் நாளே இருபத்தைந்தில் பதினேழு போட்டாள். நான் அன்று பதினொன்று.

அன்று கிளம்பும்போது, தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே அவள் கேட்டாள்.

"யக்கா, பந்து எடுத்துக் குடுக்குற பொண்ணு யாரு? வாட்ச்மேன் பொண்ணா?"

"எந்தப் பொண்ணு?"

"ரிங்குக்குக் கீழ நின்னுகினு இருந்துச்சே. செருப்பில்லாம. சிமெண்டு மேல மணல் கீதுல்ல, அதுல காலு உரசுற சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. ரெண்டு தரம் தேங்க்ஸ் சொன்னேன். பதில் பேசல."

தோழி என்னைப் பார்த்தாள். நான் கம்பத்தைப் பார்த்தேன். வெயில் வெள்ளையாக இருந்தது. அதன் கீழே யாரும் இல்லை, ஆட்டத்தின்போதும் இருக்கவில்லை.

"யாருமில்லமா, பந்து தானா உருண்டு வருது" என்றேன்.

"தானாவா?" என்றாள். சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு தோழி கடையிலிருந்து வரும்போது ஒரு கொத்தனாரின் ரசமட்டத்தை இரவல் வாங்கி வந்தாள். தரையில் வைத்தால் நடுவிலிருக்கும் குமிழி வாட்டத்தைக் காட்டிவிடும். வளையத்துக்குக் கீழே ஆறேழு இடங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். தரை கிழக்கே, கடல் பக்கமாகச் சரிந்திருந்தது. அப்படியானால் விழும் ஒவ்வொரு பந்தும் கம்பத்துக்குப் பின்னால் தோப்புக்குள் போக வேண்டும். நாங்கள் நின்று எறியும் ஐந்து இடமும் மேற்கே இருந்தன.

தோழி வலது மூலையிலிருந்து எறிந்தாள். பந்து அவளிடம் வந்தது. நடுவிலிருந்து எறிந்தாள். நடுவுக்கு வந்தது. இடது மூலைக்குப் போய் எறிந்தாள். விழுந்த பந்து ஒரு கணம் கீழே நின்றது. அப்புறம் இடது மூலைக்கு உருண்டது, மேட்டில் ஏறி. இரண்டு மாதமாகக் கண்ணெதிரே நடந்ததை அன்றுதான் பார்த்தோம். வளையத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பந்து அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பது தெரிவதில்லை.

பள்ளிக்கூடத்தின் வாட்ச்மேன் எங்கள் வயதுக்காரர்தான். கூப்பிட்டுக் கேட்டோம். கட்டட நிழலை விட்டு அவர் வெளியே வரவில்லை.

"நான் சேந்ததுலேர்ந்து மத்தியானத்துல பந்து குதிக்கிற சத்தம் வரும்மா. போய்ப் பாத்தா பந்தே இருக்காது. இப்ப நீங்க பந்து எடுத்தாறீங்க, அதான் வித்தியாசம்."

"இங்க யாராவது செத்தாங்களாண்ணே?" தோழி நேராகக் கேட்டாள்.

"நானும் அதான் நெனச்சேன். ஊருல எல்லார்கிட்டயும் விசாரிச்சேன். பழைய டீச்சருங்களக்கூடக் கேட்டேன். யாரும் சாவல. எதுவும் நடக்கல. எதுனா நடந்திருந்தா ஒரு பூஜை போடலாம், ஒரு பாத்தியா ஓதலாம். ஒண்ணுமே இல்லன்றதுதான் பேஜாரு."

நான் அதோடு விட்டுவிடலாம் என்றேன். தோழி கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அங்கே ஒரு போட்டி வைப்பதாக ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, நோட்டீஸ் அடித்தாகிவிட்டது.

"கெட்டது எதுவும் செய்யலியே. பந்து எடுத்துக் குடுக்குது. நமக்கு இன்னா?"

அவள் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரம் முழுக்க ஊசியும் குழாயுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது என்னைக் குடைந்தது பயமல்ல. தோழி ஆட்டத்திலிருந்து வெட்டி எறிந்த பகுதி வளையத்தின் கீழே நிற்பது. யாருக்கும் வேண்டாம் என்று காலியாக விட்ட அந்த இடத்தில் யாரோ வந்து நின்றுகொண்டார்கள். அது என் இடம். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

போட்டிக்கு நாற்பது பேர் வந்தார்கள். சிங்கப்பெருமாள் கோயிலில் அறை எடுத்துத் தங்கித் தொழிற்சாலைக்குப் போகும் ஆண்கள், கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து சில பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு உடற்பயிற்சி ஆசிரியர். பரிசுக்குத் தோழி கடையிலிருந்து குக்கரும் எவர்சில்வர் குடமும் எடுத்து வந்திருந்தாள். வளையத்துக்குக் கீழே நின்று பந்து எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நான் சொன்னேன். அந்த ஆளாக நானே நிற்கிறேன் என்றும் சொன்னேன். தோழி என் முகத்தைப் பார்த்தாள்.

முதல் ஆள் எறிந்தார். பந்து வலைக்குள் இறங்கி என் முன்னால் விழுந்தது. நான் கையை நீட்டினேன். அது என் கையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனது. இரண்டாவதும் அப்படியே. நான் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தேன். நாற்பது பேரும் நான்தான் தள்ளிவிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நாற்பது பேரும் அண்ணாந்து வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை, அது விதி. என் இடது பக்கம், ஒரு முழத் தூரத்தில், மணல் உரசியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஒன்றும் இருக்காது என்று தெரியும். அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திருக்கழுக்குன்றத்துக்காரி இருபத்திரண்டு போட்டாள். அடுத்து தோழி. அவள் இருபது போட்டுவிட்டாள், இன்னும் மூன்று பந்து பாக்கி. மூன்றும் விழுந்தால் அவள்தான் முதல். அப்போது கடல் காற்று எழுந்தது. அடுத்த பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு நேர் மேலே எகிறியது.

இருபது வருடமாக நான் துள்ளியதில்லை. மருத்துவர் மாடிப்படியே ஏறக் கூடாது என்றிருந்தார். யோசித்துச் செய்யவில்லை. பந்து மேலே போனது, என் உடம்பும் போனது. இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தேன். மறுபக்கத்தில் ஏற்கெனவே கைகள் இருந்தன.

சின்னக் கைகள். என் விரல்களின் மேல் அந்த விரல்கள் படிந்திருந்தன, காய்ந்து, மணல் ஒட்டியிருந்தன. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஒரு இழுப்பு இழுத்தது. நானும் இழுத்தேன். முழங்கையை விரித்து, பந்தை நெஞ்சோடு சேர்த்து, பழைய நாட்களில் எப்படிப் பறிப்பேனோ அப்படிப் பறித்தேன். அது விட்டுவிட்டது. நான் கீழே இறங்கினேன், கால் மடங்கியது, பந்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ சிரித்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர், "இந்த ஆட்டத்துல அது தேவையில்லம்மா" என்றார்.

தோழி அடுத்த பந்தை எறிந்தாள். விழுந்தது. விழுந்த பந்து இரண்டு தரம் குதித்து, கம்பத்தைத் தாண்டி, கிழக்கே சவுக்குத் தோப்புக்குள் உருண்டு போனது. யாராவது எடுக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அதன் பிறகு எறிந்த அத்தனை பந்தும் கடலைப் பார்த்தே போயின. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் ஓட வேண்டியிருந்தது. அன்று ஆட்டம் முடிய நேரமாகிவிட்டது. குக்கர் திருக்கழுக்குன்றத்துக்காரிக்குப் போனது.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். குக்கர் பெட்டி அவள் மடியில். என் முழங்கால் வீங்கி வலித்தது. நடந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, தோழியிடம்கூட. பாதி வழியில் அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"யக்கா, இன்னா வயசு இருக்கும் அதுக்கு?"

"கை சின்னதா இருந்துச்சு" என்றேன்.

"நீ குடுத்திருக்கலாம்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

தோழியிடம் மறுநாள் போனில் சொன்னேன். "இனிமே அங்க வேணாம்டி" என்றாள். ஆனால் வாட்ச்மேனிடம் அவளே விசாரித்திருக்கிறாள். மத்தியானத்துச் சத்தம் அந்த ஞாயிறோடு நின்றுவிட்டதாம். நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு அவர், "பழகிட்டேன்மா, இப்பத்தான் தூக்கம் வர்ல" என்றாராம்.

நான் ஒரே ஒரு தரம் தனியாகப் போனேன். இரண்டு மணி வெயிலில் ஐந்து இடங்களிலும் நின்று எறிந்தேன். பிறகு வளையத்துக்குக் கீழே போய், பந்தைத் தரையில் வைத்துவிட்டு, சத்தமாக, "இந்தா, எடுத்துக்கோ" என்றேன். பந்து கொஞ்சம் தயங்கி, தரையின் வாட்டத்துக்கு உருண்டு போனது. தோப்பில் அது நிற்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆட்டம் இப்போது நன்றாக நடக்கிறது. செங்கல்பட்டில் ஒரு மூடிய அரங்கத்தில் மாதம் ஒரு போட்டி. வயதானவர்கள், கால் போனவர்கள், குழந்தை பெற்றபின் ஆட்டத்தை விட்ட பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். விதிகளைத் தோழி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். வேறு ஊர்க்காரர்களும் அதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். திருக்கழுக்குன்றத்துக்காரிக்கு ஓரப் பார்வையும் குறைந்துவிட்டது. பதினைந்து, பதினாறு போடுகிறாள். இங்கே கீழே ரொம்பக் காலியாக இருக்கிறது, தூரம் பிடிபடவில்லை என்கிறாள்.

பந்து எடுத்துக் கொடுக்க நான் நிற்கிறேன். வேறு யாரையும் நிற்க விடுவதில்லை. எறிந்தது தவறி மேலே எகிறினால் நான் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. கையைத் தூக்குவதில்லை. அது தரைக்கு வந்து, ஒரு தரம் குதித்து, நின்ற பிறகுதான் குனிகிறேன்.