கதவில் ஒரு கீறல்

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கிளார்க்காக இருந்தபோது, பெயின்ற் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அதன் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருக்கும். மத்தியான ஓய்வு நேரத்தில், உள்ளங்கையில் அடங்கும் மாதிரிக் கார்களுக்கு நிஜக் கார்களைப் போலவே வர்ணம் தீட்டுவார். மெல்லிய கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கோடு முடிந்த பிறகுதான் விடுவார்.

என் அண்ணன் கந்தளாய் வீதியில் நடந்த கார் விபத்தில் இறந்து மூன்று மாதமாகியும் அம்மா அழவில்லை. யாரோடும் பேசவுமில்லை. அண்ணனின் மொரிஸ் மைனரைப் போல மாதிரிக் கார் ஒன்று செய்து தரும்படி களஞ்சியத்துக்காரரிடம் கேட்டேன்.

"காரில ஏதும் கீறல் இருந்ததோ?" என்றார்.

"இடப்பக்கக் கதவில இருந்தது. கேற்றில உரசினது. அது வேண்டாம் ஐயா, வடிவாச் செய்து தாங்கோ."

"கீறல் இல்லாட்டி அது உங்கட அண்ணன்ர கார் இல்லை, வேற ஆற்றையோ கார், தம்பி."

கீறலோடுதான் தந்தார். தயங்கித் தயங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைக் கையில் வாங்கி, கதவை விரலால் தடவினார்.

"இதுக்கெல்லோ நான் அவனை அண்டைக்கு அப்பிடி ஏசினனான்" என்றார். பிறகு பொழுதுபடும்வரை அழுதார்.

அடுத்த நாள் களஞ்சியத்துக்குப் போய் அம்மா அழுததை அவரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நிறம் சரியோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றுவிட்டு வந்தேன். தடவிப் பார்த்து அழுவதற்கு அவருக்கும் எங்காவது ஒரு கீறல் இருந்ததா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.