கிளிஞ்சல் தூவும் நேரம்

பிற்பகல் மூன்று மணிக்குக் கோழிப்பண்ணையில் ஒரு மயக்கம் கவியும். நாமக்கல்லுக்குச் சற்றுத் தள்ளி என் தம்பி நடத்திவரும் எங்கள் குடும்பப் பண்ணையில், கூண்டு வரிசைகள் நீண்டு சென்று ஒரு வெண்மையான ஒளித்துண்டில் முடியும். ஆயிரக்கணக்கான தொண்டைகளின் முனகல் ஒன்றாய்க் கலந்து, எங்கோ ஓடும் நீரின் ஓசையாகிவிடும். அந்நேரத்தில் பண்ணையில் வேலை செய்யும் அம்மாள் இடுப்பில் கூடையை ஏந்தி வருவார். கிளிஞ்சல் நொறுக்கை அள்ளித் தீவனத் தொட்டி நெடுகிலும் தூவிக்கொண்டே போவார். தகரக் கூரையில் தூறல் விழுவது போன்ற ஒலி எழும். பல ஆண்டுகள் அதைக் கேட்டிருக்கிறேன். அதை ஒரு வேலை என்று நான் எண்ணியதில்லை.

சேலத்துக் கல்லூரியொன்றில் கணிதப் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகையில் நான் எழுதிய எதையும் பிறர் திருத்த நேர்ந்ததில்லை என்பது மாணவர்களும் உடன் பணியாற்றியோரும் அறிந்தது. விடையை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாதவனுக்கு நான் மதிப்பெண் இட்டதில்லை. அந்தப் பிடிவாதமே என்னைக் கட்டற்ற மென்பொருளின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. சேலத்தில் ஞாயிறுதோறும் கூடும் ஆர்வலர் குழுவில் அதைப் பற்றி முதன்முதலாகக் கேட்டபோது, வழிமுறையை மறைக்காத கணக்கு என்றே அதைப் புரிந்துகொண்டேன்.

தீவன மில்காரர்கள் கலவைச் சீட்டை வெளியே காட்டமாட்டார்கள். மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு என்று அறியாமலேயே சிறு பண்ணைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். தம்பியின் பண்ணையில் கலவை இயந்திரத்தில் கொட்டப்படும் பொருட்களையெல்லாம் குறித்துக்கொண்டு, கோழியின் வயதுக்கேற்பக் கலவையைக் கணக்கிடும் நிரலொன்றை நானே எழுதினேன். யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம் என்ற உரிமத்துடன் இணையத்தில் வைத்தேன். முதல் வரியில் என் பெயர், என் பட்டம்.

"பட்டமெல்லாம் யாரும் போடறதில்லைங்க ஐயா" என்றார் குழுவில் ஒருவர்.

"நான் போடறேன்" என்றேன்.

பிறர் அனுப்பும் திருத்தங்களை ஏற்பதும் மறுப்பதும் என் பொறுப்பு. யார், எதை, எதற்காக மாற்றினார் என்ற பதிவு அனைவரும் காண அங்கேயே நிற்கும்.

முதல் திருத்தம் சேந்தமங்கலத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்மணியிடமிருந்து வந்தது. நிரல் தொடங்கும் இடத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார்: 'கிளிஞ்சலைத் தனியாகக் கையால் தூவுகிறீர்களா?' இல்லை என்றால், கிளிஞ்சலும் கலவையில் சேரும். அவ்வளவுதான்.

எனக்குச் சினம் வந்தது. கணக்கில் பிழையில்லை என்றும், பண்ணை நடைமுறை அறியாது அனுப்பப்பட்ட திருத்தம் இது என்றும் இரண்டு பத்திகள் எழுதி மறுத்தேன். குழுவினர் அனைவரும் அதைப் படித்திருப்பார்கள். அவரிடமிருந்து மறுமொழி வந்தது: 'சரிங்க ஐயா. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. மத்தியானச் சோறு எங்க ஊட்டுல.'

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் உள்ள என் வீட்டிலிருந்து காலையிலேயே புறப்பட்டேன். நாமக்கல்லில் பேருந்து மாறியபின் கொல்லிமலை சன்னலோடு கூடவே வந்தது. முதலில் புகையாக, பிறகு நீலமாக, இறுதியில் அருகில் வந்தும் எட்டாத ஒன்றாக. கண் அயர்ந்து விழித்தபோதெல்லாம் அது அங்கேயே இருந்தது.

அவருடைய பண்ணையில் வேலையாட்களின் நடமாட்டம் இல்லை. தண்டவாளம் போன்ற கம்பிகளின்மேல் ஒரு வண்டி தானே ஊர்ந்து தீவனத்தைக் கொட்டிச் சென்றது. மணி மூன்றாயிற்று. என் காது எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தது. தூறல் விழவில்லை.

அப்பெண்மணி ஒரு முட்டையை நீட்டினார். "மெல்லப் புடிங்க."

மெல்லத்தான் பிடித்தேன். ஓடு விரலுக்குள் அமிழ்ந்து உடைய, மஞ்சள் கரு என் வெள்ளைச் சட்டையின் கைப்பட்டையில் வழிந்தது. வாசலோரக் கட்டிலில் அமர்ந்திருந்த அவருடைய மாமனார் சிரித்துவிட்டார். "வந்தவருக்கு மஞ்சத்தண்ணி ஊத்திட்டியே சாமி."

"நீங்க சும்மா இருங்க மாமா" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்க பண்ணையில கிளிஞ்சல் ஆருங்க போடறது?"

"வேலை செய்யற அம்மா ஒருத்தங்க. மத்தியானம், கையால."

"இங்க வண்டிதானுங்க போடுது. உங்க கணக்குல என்ன இருக்குதோ அதத்தான் போடும். கிளிஞ்சல் திங்காத கோழி முட்டைக்கு ஓடு எப்படிங்க கெட்டியாகும்?"

கலவை இயந்திரத்தில் விழுந்ததையெல்லாம் எழுதியவன், அதற்கு வெளியே ஒரு கூடையிலிருந்து விழுந்ததை எழுதவில்லை. அந்த ஒலி எனக்கு அத்தனை பழகியிருந்தது.

வீடு திரும்பி மேசைமுன் அமர்ந்தேன். அந்த ஒரு கேள்வியை என் நிரலில் நானே என் பெயரில் சேர்த்துவிடலாம். அவருடைய திருத்தம் மறுக்கப்பட்டதாகவே கிடக்கும். பேராசிரியரே யோசித்துச் செம்மைப்படுத்தினார் என்று குழு எண்ணிக்கொள்ளும். அப்படியே எழுதியும் முடித்தேன். சேமிக்கும் முன், மாற்றத்தின் காரணத்தை எழுதும்படி ஒரு வெற்றுக்கட்டம் திறந்தது. சுட்டி அதில் விட்டுவிட்டு மின்னியது. சன்னலுக்கு வெளியே ஏற்காட்டுச் சாலையின் வளைவுகளில் வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதத்தக்க காரணம் ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையதன்று.

எழுதியதை அழித்தேன். அவருடைய திருத்தத்தை அவர் பெயரிலேயே ஏற்றேன். என் மறுப்பையும் அழித்திருக்கலாம். அழிக்காமல், அதன்கீழ் 'இம்மறுப்பு தவறு' என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன். பட்டம் போடவில்லை.

அடுத்த வாரம் தம்பியின் பண்ணைக்குச் சென்றிருந்தேன். தன் கைப்பேசியில் நிரலைத் திறந்தவன் நின்றான். "இதென்னங்கண்ணா புதுசா? கிளிஞ்சலக் கையால தூவறீங்களான்னு கேக்குது?"

கூடையோடு வந்துகொண்டிருந்த அம்மாளின் காதில் அது விழுந்துவிட்டது. "ஏனுங்க, நான் இத்தன வருசமாத் தூவறது பெரியவருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?"

"ஆமா" என்றேன்.

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டான். "கேள்வி நீங்க சேத்ததுங்களா?"

"இல்லை. சேந்தமங்கலத்துல ஒரு அம்மா. நான் முதல்ல வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் 'ஆம்' என்பதை அழுத்தினான். அம்மாள் வரிசைக்குள் நுழைந்தார். முனகல் ஒரு கணம் தணிந்தது. பிறகு, தொட்டி நெடுகிலும் தூறல் விழத் தொடங்கியது. அது ஒளித்துண்டை எட்டும் வரை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.