கறுப்புத் தோல் துண்டு

ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சுவரை இடித்துக் கட்டி, டைல்ஸ் போட்டு முடித்த பிறகு, தூசி துடைக்க ஒரு அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துண்டு. முன்பு ஷூ கம்பெனியில் இருந்தவராம். அன்று மாலை என் மகள் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தது. பேரனுக்குத் தூசி பட்டால் மூச்சு இழுக்கும்.

மேலிருந்து கீழாக வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தவர், இடுப்பில் செருகியிருந்த கறுப்புத் தோல் துண்டை எடுத்து மேஜைமேல் விரித்துவிட்டு, சும்மா உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, அவ்ளோதானா?"

"அவசரப்படாதீங்கண்ணா. பாதி தூசி இன்னும் மேலயே சுத்திட்டு இருக்குது. அது எறங்கட்டும்."

அரை மணி கழித்துப் பார்த்தால், தோல்மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை. மறுபடி துடைத்தார், மறுபடி காத்திருந்தார். மூன்றாம் முறை தோல் கறுப்பாகவே இருந்தது. "இப்போ வரச்சொல்லுங்க உங்க பேரன" என்று சிரித்தார்.

அவர் கிளம்பும்போதே மகளும் பேரனும் வந்த ஆட்டோ வாசலில் நின்றது. "வாம்மா, வந்து கொழந்தைய பாரு" என்று அவரைக் கூப்பிட்டேன்.

அவரோ விறுவிறுவென்று தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார். "வேணாண்ணா, என் மேலதான் தூசி ஜாஸ்தி. நீங்க உள்ள தூக்கிட்டுப் போங்க."

நாள் முழுக்க அவனுக்காக உழைத்தவர், அங்கிருந்தே எக்கி எக்கி அவன் முகத்தைப் பார்த்தார்.

அன்றிரவு பேரனுக்கு இழுப்பே இல்லை. அவனுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும், அந்த அம்மாவைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.